என்னைக் கரைத்த முப்பது வினாடிகள்

முதல் தடவை அது வந்தபோது நான் தூத்துக்குடி துறைமுகத்தில், தரைக்கு முப்பது மீட்டர் மேலே, கிரேன் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும். அடுத்த கண்டெய்னரைத் தூக்கச் சொல்லிக் கீழேயிருந்து இன்னும் குரல் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு வெதுவெதுப்பு கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. நனைந்த கயிறு கருகுவதுபோல் ஒரு வாசனை. பிறகு என் உடம்பு எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போயிற்று. கண்ணாடி, கப்பல், அப்பால் கிடந்த கடல், அதைப் பார்த்துக்கொண்டிருந்த நான், எல்லாம் ஒரே பரப்பாகிவிட்டன. பயம் துளியும் இல்லை. அவ்வளவு நிம்மதியை என் ஆயுளில் நான் அறிந்ததில்லை.

முப்பது வினாடி இருக்கலாம். பிறகு நாக்கு வறண்டிருந்தது. எந்தக் கப்பலின் சரக்கை இறக்குகிறேன் என்பதை ஞாபகப்படுத்திக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதைப் படிக்கும் யாருக்காவது இப்படி வந்துகொண்டிருந்தால், நான் எட்டு மாதம் கழித்துச் செய்ததை நீங்கள் நாளைக்கே செய்யுங்கள். மருத்துவரிடம் போங்கள். மற்றவற்றைப் பிறகு யோசிக்கலாம்.

நான் ஏன் போகவில்லை என்பதைச் சொல்ல, என் அண்ணனிலிருந்து தொடங்க வேண்டும். லூர்து அண்ணன் சங்கு குளிக்கப் போகிறவன். ஒருநாள் கடலுக்கு அடியிலிருந்து அவனை மேலே கொண்டுவந்தபோது உயிர் இல்லை. திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பங்குச் சாமியார், அவன் ஆண்டவரிடம் போய்விட்டதாகச் சொன்னார். அது என் மனைவி ஜெசிந்தாவுக்குப் போதுமானதாக இருந்தது. எனக்கு இல்லை. அவன் எங்கே போனான் என்ற கேள்வி என்னைச் சாப்பிடவிடவில்லை.

உடன் வேலை செய்தவர் ஒருவர்தான் என்னை ஒரு வழிகாட்டியிடம் அழைத்துப்போனார். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர். எல்லோரும் அவரை 'சார்' என்றே கூப்பிட்டார்கள். குலசேகரன்பட்டினம் போகும் வழியில் ஒரு வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஜெசிந்தா மாதா கோயில் பூசைக்குப் போவாள். நான் அங்கே போவேன்.

சார் உபதேசம் செய்வதில்லை, கேள்விதான் கேட்பார். கண்ணை மூடச் சொல்லி, "வருத்தம் இருக்கு. சரி. அது எங்க இருக்கு? நெஞ்சுலயா? அதுக்கு ஓரம் இருக்கா? அதைப் பாத்துக்கிட்டு இருக்கறது யாரு?" என்பார். 'நான்' என்று பதில் சொன்னால், "அந்த நானைக் காட்டு" என்பார். தேடுவேன். ஒரு குரல், சில ஞாபகங்கள், முதுகில் ஒரு வலி இவைதான் அகப்படும். தனியாக ஓர் ஆள் அகப்பட மாட்டான். அப்படியொருவன் இல்லையென்றால் செத்தவனும் இல்லை, அழுகிறவனும் இல்லை. அண்ணன் போனபின் முதல்முறையாக அந்த மாடியில்தான் நெஞ்சு இளகியது. அதை இப்போதும் நான் மறுக்கவில்லை.

ஆகவே கூண்டுக்குள் நடந்ததை அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் கண் கலங்கிவிட்டது. என் தலையில் கை வைத்து, "இருபது வருசமா இதுக்குத்தான் நான் உக்காந்திருக்கேன். உனக்கு வந்துருச்சு, சேவியர்" என்றார்.

அதன்பின் வாரம் ஒருமுறையாவது வந்தது. ஒரு ஞாயிறு, கூட்டத்தின் நடுவிலேயே வந்தது. அன்று சார் என்னை முன்னால் உட்காரவைத்துப் பேசச் சொல்லி, செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அந்த நிம்மதி மட்டும்தான் நினைவிருக்கிறது. விழித்தபோது எல்லோரும் கைகூப்பியிருந்தார்கள்.

வீட்டில் ஜெசிந்தா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, நேத்தும் அப்படித்தான் இருந்தீய. கண்ணு ஒரே இடத்துல நிக்கி. ஒண்ணுமில்லாத வாயைச் சவைக்கிய. கூப்பிட்டா கேக்க மாட்டேங்கிய. ஆசுபத்திரிக்கு வாங்க."

"ஒனக்குப் புரியாதுளா" என்றேன். அவளுடைய கவலையை அறியாமை என்று சார் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார். நானும் அதை உடனே கற்றுக்கொண்டிருந்தேன்.

எட்டாவது மாதம், பகல் வேலையில், கண்டெய்னரைக் கப்பலிலிருந்து எடுத்து ட்ரெய்லரின் மேல் இறக்கிக்கொண்டிருந்தேன். வெதுவெதுப்பு ஏறியது. வாசனை வந்தது. கை நெம்புகோலைப் பிடித்தபடியே இறுகிவிட்டது என்று பிறகு சொன்னார்கள். வாக்கி-டாக்கியில் சிக்னல்மேன் கத்தியது தூரத்தில் யாரையோ கூப்பிடுவதுபோல் கேட்டது. "அண்ணாச்சி! நிப்பாட்டுங்க! அண்ணாச்சி!"

பெட்டி ட்ரெய்லரின் முன்கூண்டில் இறங்கியது. தகரம் நசுங்குவதற்கு முன் ஓட்டுநர் கதவைத் திறந்து குதித்துவிட்டார். மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று. என்னை இருவர் பிடித்துக் கீழே இறக்கியபோது அவர் தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. என்ன நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும் என்று காத்திருந்த முகம்.

துறைமுகத்திலிருந்து திருநெல்வேலி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். நரம்பியல் மருத்துவர் ஐம்பது வயதுப் பெண். அவரிடம் இது நோய் இல்லை, வேறு விஷயம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

"வயித்துலேர்ந்து ஏதாவது மேலே ஏறி வருமா?"

"ஆமா."

"கருகற மாதிரி வாசனை?"

"ஆமா."

"எல்லாம் ஒண்ணுதாங்கற மாதிரி, ரொம்ப நிறைவா?"

மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாத ஒன்று, முன்பின் தெரியாத ஒருவரின் கேள்வித்தாளில் ஏற்கனவே இருந்தது. அழுகை வந்தது. யாரோ என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பது எல்லாக் கடையிலும் கிடைப்பதுதான் என்று காட்டியதுபோல இருந்தது.

இ.இ.ஜி. (மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகப் பதியும் சோதனை), எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உள்ளுறுப்பைப் படமெடுப்பது) இரண்டும் எடுத்தார்கள். வலது பொட்டுக்கு உள்ளே, மூளையில் ஒரு கேவர்னோமா (மெல்லிய இரத்தக்குழாய்கள் கொத்தாகப் பின்னிய கட்டி, புற்றுநோய் அல்ல) இருந்தது. அது அவ்வப்போது கசிந்து பக்கத்திலிருந்த பகுதியைத் தூண்டியிருக்கிறது. எனக்கு வந்ததெல்லாம் வலிப்பு. கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நான் நினைத்திருந்தேன்.

"நீங்க அனுபவிச்சது பொய்னு நான் சொல்லல. அது எங்கேர்ந்து வந்துதுன்னு மட்டும்தான் சொல்றேன்" என்றார் மருத்துவர். அறுவை செய்து எடுத்துவிடுவது நல்லது என்றார்.

மருத்துவமனை வராந்தாவிலிருந்து சாருக்குப் போன் செய்தேன். பக்கத்தில் ஜெசிந்தாவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அவங்க மூளையைப் பாக்கறாங்க. பாக்கறவனை எந்த மெஷின்லயும் பாக்க முடியாது" என்றார். "அவசரப்பட்டு ஆபரேஷன் பண்ணிக்காதே. திறந்த வாசலை நீயே அடைச்சுக்கறே. சாவுக்குப் பயப்படறது யாருன்னு கேட்டுப் பாரு."

ஜெசிந்தா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"சார், அந்த லாரிக்கார அண்ணன் செத்திருந்தா, செத்தது யாருன்னு அவரு பொஞ்சாதிகிட்டப் போய்க் கேட்டிருப்பீயளோ?"

இணைப்பு துண்டானது. அதன்பின் அவர் என் அழைப்பை எடுக்கவேயில்லை.

அறுவை நான்கு மணிநேரம் நடந்ததாம். கண் விழித்தபோது தலை ஒரு பக்கம் மழிக்கப்பட்டு, பதினேழு தையல். பார்வையில் இடது பக்கத்து மேல்மூலை இல்லை. அங்கே இருட்டும் இல்லை. அப்படி ஓர் இடமே கிடையாது என்பதுபோல இருக்கிறது. இந்த அறுவைக்குப் பின் சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். திறந்து கிடக்கும் அலமாரிக் கதவில் இடித்துக்கொள்ளாமல் நடக்கப் பழக ஒரு மாதம் ஆயிற்று.

வீடு திரும்பிய மூன்றாம் வாரம் முத்துச்செல்வி பார்க்க வந்தாள். காயல்பட்டினத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். சாரின் கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்தவள், திடீரென்று நின்றுவிட்டாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. காப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு செல்போனை நீட்டினாள்.

அவள் சாருக்கு அனுப்பிய செய்தி. 'சேவியர் அண்ணாச்சிக்கு வருவது ஃபிட்ஸ் மாதிரி இருக்கிறது. வாய் மெல்லுகிறார். கிரேன் ஓட்டுகிறவர். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.' கீழே அவருடைய பதில். 'உங்கள் பயத்தை அவர்மேல் ஏற்றாதீர்கள். இதை அவரிடம் பேச வேண்டாம். சில காலம் நீங்கள் வராமலிருப்பது நல்லது.'

தேதியைப் பார்த்தேன். விபத்துக்கு நான்கு மாதம் முன்பு.

"ஒங்க நம்பர் எங்கிட்ட இருந்துச்சு அண்ணாச்சி" என்றாள். "ஒங்களுக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன். மன்னிச்சிருங்க."

அவளைக் குறைசொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நானும் அதே நம்பிக்கையில்தான் ஜெசிந்தாவின் வாயை அடைத்தேன். ஆனால் சாருக்குத் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தெரியாமல் தவறாக வழிகாட்டிய ஒருவரை மன்னித்துவிடலாம் என்று மெல்ல மெல்ல மனதைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிறு ஜெசிந்தா பூசைக்குப் போகவில்லை. இருவரும் பஸ் ஏறி அந்த மாடிக்குப் போனோம். புதிய முகங்கள் நாலைந்து. சுவரில், சார் அன்று செல்போனில் பிடித்த என் படம் ஓடிக்கொண்டிருந்தது. விழித்த கண், சவைக்கும் வாய், சட்டைப் பொத்தானைத் திருகும் விரல்கள். அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. பார்க்கிற எவருக்கும் தெரிந்திருக்கும், அது ஒரு நோயாளி என்று.

"அதை எடுத்திருங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். எப்போதும் என்னை இளக்கிய அதே சிரிப்பு. "உக்காரு சேவியர். அதுல இருக்கறது நீயா? அப்படி ஒருத்தன் இருக்கானா? தேடிப் பாத்தியே."

"இருக்கான் சார். மண்டையில பதினேழு தையலோட இங்கன நிக்கான். முத்துச்செல்வி ஒங்களுக்குச் சொன்னது அவனைப் பத்தித்தான். நீங்க மறைச்சதும் அவங்கிட்டத்தான்."

முத்துச்செல்வி பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. ஒரு கணம்தான். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மற்றவர்களும் மூடிக்கொண்டார்கள். இவர்களில் பாதிப்பேரோடு நான் சோறு பகிர்ந்திருக்கிறேன். ஒருவர்கூட எழவில்லை. ஜெசிந்தா என் முழங்கையைத் தொட்டாள். படியில் இறங்கினோம்.

படம் இன்னும் சிலருடைய போன்களில் சுற்றுவதாகக் கேள்வி.

கிரேனில் ஏற இனி எனக்கு அனுமதி கிடையாது. தரையில், யார்டு அலுவலகத்தில் கண்டெய்னர் எண்களைச் சரிபார்க்கிறேன். காலை எட்டுக்கு ஒரு மாத்திரை, மாலை எட்டுக்கு ஒன்று. என் நாள் இப்போது அந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. ஓட்டுநரைப் போய்ப் பார்த்தேன். கை கூடிவிட்டது. "ஒடம்பு சரியில்லாமத்தானே அண்ணாச்சி" என்றார். அவர் அப்படிச் சொன்னது எனக்கு லேசாக இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருப்பவர்கள் தாங்கள் மட்டும்தான் என்று எண்ணாதிருக்க. அந்த முப்பது வினாடியை நான் தேடுகிறேன். பதினாலு மாதமாக வரவில்லை, வரக்கூடாது. ஆனாலும் தேடுகிறேன். நான் யார் என்ற கேள்வியும் போய்விடவில்லை. அதை அவர் எனக்குத் தந்ததாக நினைத்திருந்தேன். அவரை விட்டு வந்த பின்னும் அது இருக்கிறது. சார் என்னிடமிருந்து பறித்தது வேறு. சும்மா வருகிற சந்தோஷத்தை இப்போது என்னால் நம்ப முடிவதில்லை. நெஞ்சில் கொஞ்சம் நிறைவு எழுந்தாலே மூக்கு கருகல் வாசனையைத் தேடுகிறது. வினாடிகளை எண்ணக் கண் கடிகாரத்துக்குப் போகிறது.

கடலில் குளிக்கலாமா என்று போன மாதம் மருத்துவரிடம் கேட்டேன். தனியாகக் கூடாது, கை எட்டும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்றார். நடக்கத் தெரியும் முன்னே நீந்தக் கற்றவன் நான். ஜெசிந்தாவுக்கு நீச்சல் தெரியாது. சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் என்னோடு நின்றாள், என் மேல்கையை இரண்டு கையாலும் பிடித்தபடி. அலை வந்து எங்களைத் தூக்கி இறக்கியது. வெயில் தண்ணீருக்குள் இறங்கிக் காலடி மணல் தெரிந்தது. நெஞ்சு நிறைந்தது. உடனே பயந்து மூச்சை இழுத்தேன். உப்பு வாசனை மட்டும்தான்.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, எதுவும் வருதா?"

"இல்ல. சும்மா சந்தோசமா இருக்கு."

அவள் நம்பவில்லை. பிடியை இன்னும் இறுக்கினாள். அவள் நகம் பதிந்த இடத்தில் வலித்தது. அந்த இடத்தில் என் உடம்பு முடிந்து அவள் கை தொடங்குவது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த அலை வரும்வரை அப்படியே நின்றோம்.