மேம்பாலத்துக்கு ஒரு கியர்

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் எழுத்து எதில் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். மாத்திரை அட்டை, கரண்ட் பில், மிக்ஸி வாங்கிய அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லும் பொறுப்பு எட்டாம் வகுப்பிலேயே எனக்கு வந்துவிட்டது. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு தூரம் போனதில்லை. அதனால் மாமா ஒருநாள் சாயங்காலம் என்னைக் கரையான்சாவடி காயலாங்கடைக்குக் கூட்டிப்போய், ஒரு சைக்கிள் சக்கரத்தை என் முன்னால் உருட்டிவிட்டு, "இன்னா போட்டுகீதுன்னு படி மாப்ளே" என்றபோது நான் கொஞ்சமும் தயங்கவில்லை. சட்டை நுனியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் படித்தேன்.

"மூணு ஸ்பீடு, மாமா."

"அப்பிடிப் போடு! கியரு உள்ளாறயே கீது."

மாமா அம்மாவின் தம்பி. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை. உலகத்தில் எதையும் கழற்றி மாட்டிவிடலாம் என்பது அவர் கட்சி. அந்தச் சக்கரத்தின் நடுவில் இருந்த ஹப், பவுடர் டப்பா கணக்காகப் பருத்திருந்தது. பல்சக்கரங்கள் எல்லாம் அதன் வயிற்றுக்குள். புதிதாக எழும்பிய ஃப்ளாட்டுகளில் யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த சைக்கிள், பிரேம் ஒடிந்து எடைக்கு வந்து சேர்ந்திருந்தது.

கியர் வேண்டியிருந்தது அம்மாவுக்கு. திருவேற்காட்டில் எங்கள் வீடு. பைபாஸ் மேம்பாலத்தைத் தாண்டி இருந்த ஃப்ளாட்டுகளில் இரண்டு வீட்டுக்கு அம்மா சமையல் செய்தாள். பள்ளியில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளை ஒரு பெண் விற்றபோது வாங்கியதுதான் அம்மாவின் வண்டி. சமதரையில் பிரச்சினையில்லை. பாலத்தில் ஏறும்போதுதான் முட்டி பிடித்துக்கொள்ளும். இறங்கித் தள்ளினாலும் வலி, மிதித்தாலும் வலி. அப்பா விடியுமுன் குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு கோயம்பேட்டுக்குக் காய்கறி ஏற்றப் போய்விடுவார். அம்மா இரவில் முட்டிக்குத் தைலம் தேய்ப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழம வரிக்கும் பாரு. வலி போவலன்னா திங்கக்கெழமலேர்ந்து ஊட்ல இரு. நா சம்பாரிக்கறது பத்தலியா?"

அம்மா தைலப் புட்டியை மூடி வைத்தாள். மறுநாள் மாமா வந்ததும், "அந்த வேல எனக்கு ஓணும்டா. எதுனா பண்ணு" என்றாள். அவள் எதையும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை.

காயலாங்கடைக்காரர் சக்கரத்தை இரும்பு விலைக்கே கொடுக்கச் சம்மதித்தார். அதையும் காசாகக் கொடுக்க மாமாவுக்கு மனசில்லை. இருந்த துண்டு நிலமும் கைவிட்டுப் போன பிறகு எங்கள் கொல்லையில் சும்மா கிடந்த பம்ப்செட் மூடியை நானும் அவரும் தூக்கிக்கொண்டு போனோம். இரும்புக்கு இரும்பு, எடைக்கு எடை.

"இன்னா நைனா, ஊட்டையே பேத்துக்கினு வந்துட்ட?" என்றார் கடைக்காரர் என்னைப் பார்த்து.

தராசில் வைத்தால் சக்கரத் தட்டு தாழ்ந்தது. ஹப்பின் கனம் அப்படி. மாமா சளைக்கவில்லை. சக்கரத்தில் தேவையில்லாமல் ஒட்டிக்கொண்டிருப்பதாக அவருக்குப் பட்டதையெல்லாம் கழற்றிக் கடைக்காரர் குவியலிலேயே எறிந்தார். உடைந்த ரிப்ளெக்டர், நசுங்கிய தகடு, கடைசியாக அச்சின் இரண்டு முனையிலும் இருந்த நாக்கு நீட்டிய வாஷர்கள். "இத்த இன்னாத்துக்குப் போட்டான்? ரவுண்டு வாஷரு போறும்." தட்டுகள் சமமாயின. உலகத்தையே ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் வேலை நடந்தது. சைக்கிளின் பின் கவையில் நகக்கண் அளவு இடம் போதாமல் சக்கரம் நுழைய மறுத்தது. மாமா தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கத்தைக் காலால் உதைத்து மறுபக்கத்தைக் கையால் இழுத்து வழிக்குக் கொண்டுவந்தார். கியர் மாற்றும் லிவர் கிடைக்காததால் பழைய மொபெட்டின் சோக் லிவரை ஹேண்டில்பாரில் மாட்டினார். அது எங்கே நிற்க வேண்டும் என்று சொல்வது என் வேலை. டயரில் சாக்பீசால் கோடு போட்டு, பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் கோடு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்துச் சொல்லச் சொல்ல, மாமா லிவர் தகட்டில் அரத்தால் மூன்று வெட்டுப் போட்டார். லிவரிலிருந்து ஹப்புக்குப் போகும் கம்பி தளர்ந்திருந்தால் பெடல் கனம், முழுக்க இழுத்தால் லேசு. அம்மா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு காலை சோதனை ஓட்டம். மாமாதான் ஏறினார். பாலத்தின் சரிவில் பாதிவரை ராஜா மாதிரிப் போனார். திடீரென்று பெடல் பிடிப்பில்லாமல் கிறுகிறுவென்று சுற்றியது. மாமா சீட்டின் மூக்கில் மோதிக்கொண்ட இடத்தைப் பற்றி இங்கே எழுதுவதற்கில்லை. டீக்கடையிலிருந்து ஒருவர், "அண்ணாத்தே, ஊட்டுக்குப் போய் ஒத்தடம் குடு" என்று கத்தினார்.

திரும்பி வந்து பார்த்தால் அச்சே சுழன்று, கம்பி தொளதொளவென்று கிடந்தது. மாமா ஸ்பேனரைப் போட்டுவிட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா, "சரி உடு. நாளைக்குப் போய் வேலய உட்டுட்டேன்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்றாள். அவள் குரல் எனக்குப் பொறுக்கவில்லை. நேரே பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். ஹப்பில் இருந்த எழுத்தை அப்படியே தட்டினேன். பிரித்துப் போட்ட பாகங்களின் படம் ஒன்று வந்தது. அச்சின் இரு முனையிலும் நாக்கு நீட்டிய வாஷர்கள். அந்த நாக்கு பிரேமின் பிளவில் உட்கார்ந்தால்தான் அச்சு சுழலாமல் நிற்கும்.

"மாமா, எடை கொறையணும்னு தூக்கிப் போட்டியே, அதான் வோணும்!"

காயலாங்கடைக் குவியலை மதியம் முழுக்கக் கிளறினோம். ஒரு வாஷர் கிடைத்தது. "ஒண்ணு கெடச்சாப் போதாதா? இத்த பாத்து இன்னொண்ணு ராவிட மாட்டேன்?" என்று மாமா பழையபடி ஆகிவிட்டார். தகட்டு இரும்பை வெட்டி, அரம் போட்டு, பொழுது சாய்வதற்குள் மாட்டியும் விட்டார். முட்டி எப்படி இருக்கிறது என்று அன்று இரவு அப்பா கேட்டார். "நாளிக்கிப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள் அம்மா.

திங்கட்கிழமை காலையில் நானும் மாமாவும் பாலத்தடியில் நின்றோம். அம்மா வந்தாள். சரிவு தொடங்கும் இடத்தில் லிவரை முழுக்க இழுத்தாள். டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உட்கார்ந்தபடியே, முகம் சுளிக்காமல், தையல் மிஷின் மிதிப்பதுபோல் மிதித்து ஏறினாள். அதே ஃப்ளாட்டுகளுக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள் தங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னாக்கா, மோட்டரு வெச்சிக்கினியா?"

"எம்புள்ள வெச்சிக் குடுத்தாண்டி!"

அவர்களைத் தாண்டி உச்சிக்குப் போய்விட்டாள். மாமா என் முதுகில் அறைந்தார். ஆனால் உச்சிக்குப் போன அம்மா இறங்கி, சைக்கிளைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். செயின் கழன்றுவிட்டதென்று பயந்து மேலே ஓடினேன்.

"இன்னாம்மா ஆச்சி?"

"ஒண்ணும் இல்லடா. அவுளுங்க வரட்டும்."

அவர்கள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார்கள். வந்ததும் வராததுமாக ஒருத்தி, "சனிக்கெழம கதய பாதில உட்டியே, அப்புறம் உங்க நாத்தனாரு இன்னா சொன்னா?" என்று கேட்டாள். அம்மா ஏதோ சொன்னாள். மூவரும் சிரித்த சிரிப்பில் பைபாஸில் போன லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரித்துக்கொண்டே மறுபக்கச் சரிவில் சேர்ந்து இறங்கினார்கள்.

முட்டி தேவலை என்று அம்மா சொன்னதும் அப்பா வேலைப் பேச்சை விட்டுவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அந்த வாரம் முழுக்கத் தினமும் இதே கதை. கியரில் விறுவிறுவென்று ஏறி மிச்சம் பிடித்த நேரத்தையெல்லாம் பாலத்தின் மேலே நின்று வீணடித்துக்கொண்டிருந்தாள். இவ்வளவு பாடுபட்டு மாட்டியதில் எங்கோ ஒரு குறை இருக்கிறது என்று யோசித்தேன். யோசிக்க யோசிக்க விடையும் கிடைத்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே காயலாங்கடை வாசலில் போய் நின்றேன். அதே மாதிரிச் சக்கரம் இன்னும் இரண்டு வேண்டும் என்றேன்.

"ரெண்டா? எதுக்கு நைனா?"

அந்த இரண்டு பெண்களின் சைக்கிளுக்கும் மாட்டிவிட்டால், அம்மா இனி யாருக்காகவும் பாலத்தில் நிற்க வேண்டியதே இல்லை என்று, படித்த பிள்ளையின் பொறுமையோடு அவருக்கு விளக்கிச் சொன்னேன்.