அப்பாவின் இரண்டாவது தோல் துண்டு

அப்பா இறந்து ஏழு மாதம். பெயர் கில்பட். கற்பிட்டிக் கரையில் முப்பத்தெட்டு வருடம் மற்றவர்களின் வலைகளைப் பொத்தினார். கடலில் வலை கிழிந்த இடத்தில் படகுக்காரர்கள் சிவப்புச் சீலைத்துண்டு கட்டிவிடுவார்கள். அப்பா அந்த இடத்தில் உட்கார்ந்து பொத்துவார்.

போன வருடம் தோலில் வந்த புற்றுநோய்க்கு ஒரு துண்டு வெட்டிப் பார்த்து மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து, நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்துக்கு அவருடைய தோலில் இன்னொரு துண்டு தேவைப்பட்டது. கேட்க வேண்டியவள் நான்.

“இன்னொருக்கா வெட்டினா சுகம் வருமோ, மகள்?”

“இல்லை அப்பா. மருந்து உள்ளுக்க என்ன செய்தது எண்டு தெரியும். அவ்வளவுதான்.”

“முதல் வெட்டே இன்னும் நோகுது.”

விளக்கினேன். உடலின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் டிஎன்ஏ இழை, இஸ்டோன் என்ற புரதத்தில் இறுக்கிச் சுற்றியிருக்கிறது. அசற்றைல் என்ற சிறு மூலக்கூற்றுத் துண்டு அதில் ஒட்டினால் சுற்று தளரும். வாசிக்கும் புரதங்கள் அந்த அடையாளத்தில் வந்து அமரும். அங்குள்ள பரம்பரையலகு, அதாவது ஜீன், வேலை செய்யும். நொதியங்கள் என்ற வேறு புரதங்கள் அதைக் கழற்றினால் மூடிக்கொள்ளும். கலத்துக்குள் சேதி கடத்தும் புரதங்களிலும் இதே ஒட்டலும் கழற்றலும் உண்டு. இந்த நோயில் கழற்றல் மிஞ்சுகிறது. வளர்ச்சியை நிறுத்தும் பரம்பரையலகுகள் மூடிக்கிடக்கின்றன.

அப்பா சிரித்தார். “மர்ஸூக்கிட வேலை!”

மர்ஸூக் புதிதாகப் படகு வாங்கியவர். முதல் வாரமே வலையைக் கழுவி, குப்பை என்று நினைத்துச் சீலைத்துண்டு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார். அன்று பகல் முழுக்க அப்பா வலையை விரலால் தடவிக் கிழிசல் தேடினார்.

“அப்ப மாத்திரை அவன்ட கையப் பிடிச்சு வைக்குது?”

“ஓம்.”

“பிடிச்சதோ எண்டு பாக்கத்தான் வெட்டுறீங்க. இத முதலே சொல்லியிருக்கலாமே, படிச்ச பிள்ளை. சின்னதா வெட்டச் சொல்லு.”

நான்கு மில்லிமீற்றர். ஒரு கிழமை, ஏழு நாளும், வெட்டிய பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. ஐந்து கிழமையில் இறந்தார்.

அந்தத் துண்டை நான் தொடவில்லை. கூட வேலை செய்பவர் பார்த்தார். முதல் துண்டில் மூடியிருந்த ஒரு பரம்பரையலகு இதில் திறந்திருந்தது. மருந்து வேலை செய்திருக்கிறது, பிந்தி. ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் நோயின் தொடக்கத்திலேயே அந்த மாத்திரையைக் கொடுத்துப் பார்க்க வைத்தியர்கள் அனுமதி பெற்றார்கள்.

கனமூலைக் கிராமத்து நஃபீஸா அப்படித் தொடங்கிய ஐந்தாவது ஆள். நேற்று அவரிடம் இரண்டாவது துண்டு கேட்டேன்.

“நோகுமா, புள்ள?”

“நோகும். எங்கட அப்பாவுக்கு ஒரு கிழமை நொந்தது.”

கையை நீட்டினார். “வெட்டுங்க. ஆனா தடிப்பெல்லாம் மாத்திரையில ஆறிட்டே, எதக் கொண்டுபோவீங்க?”

முழங்கைக்குக் கீழே ஒரே ஒரு தடிப்பு ஆறாமல் மிச்சமிருந்தது.