முதலில் தெரிந்தவள்

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்த இடத்தில் வைத்த பஞ்சை வீடு வந்து சேரும்வரை மதினி எடுக்கவில்லை. கையை மடித்தபடியே பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் ஊர் கோம்பை வரைக்கும் வந்தாள். என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த முதல் வருடம் அது. மூன்று மாதக் கர்ப்பம். ரத்தம் எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டேன். "ஒடம்புல ரத்தம் கம்மியா இருக்கான்னு பாக்குறாகளாம்" என்றாள். எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரிந்தது அவ்வளவுதான். எச்.ஐ.வி.யைப் பற்றிப் பேருந்து நிலையச் சுவரில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். படித்துவிட்டுத்தான் பேருந்து ஏறுவோம். ஆனால் அது லாரிக்காரர்களுக்கும் கெட்டுப்போன பெண்களுக்கும் எழுதியது என்று நாங்களாகவே முடிவுகட்டி வைத்திருந்தோம். வயிற்றுப் பிள்ளைக்காரிகளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு விட்டார்கள். நர்சம்மா கதவைச் சாத்திக்கொண்டு மதினியிடம் விஷயத்தைச் சொன்னார். மாத்திரையை விடாமல் சாப்பிட்டால், பிறந்ததும் பிள்ளைக்கும் மருந்து கொடுத்தால், பிள்ளையைக் காப்பாற்ற வழியிருக்கிறது என்றாராம். கணவரையும் கூட்டிவரச் சொன்னார். அன்றிலிருந்து மதினிக்கு ஒரே கவலைதான், பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாது. தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அண்ணன் ஜீப் ஓட்டினான். விடிவதற்குள் ஊரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் போவான். சில நாள் இறங்க மாட்டான், அங்கேயே தங்கிவிட்டதாகச் சொல்வான். வீட்டில் யாரும் ஏன் என்று கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னதும் சட்டையை உதறிப் போட்டுக்கொண்டு, தான் கல்லு மாதிரி இருப்பதாகவும் தனக்கு எந்தச் சோதனையும் தேவையில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனான். என் அம்மா அவனுக்கு ஒரு படி மேலே போனாள்.

"இவளுக்குத்தான மொதல்ல வந்திருக்கு? அப்ப இவ கொண்டாந்ததுதான" என்றாள்.

இந்தக் கணக்கைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கர்ப்பமானதால் அவளைச் சோதித்தார்கள், சோதித்ததால் அவளுக்கு முதலில் தெரிந்தது. முதலில் தெரிந்தவளே முதலில் வாங்கியவள் என்று ஒரு வீடே சேர்ந்து தீர்ப்பு எழுதியது. ஆண்பிள்ளைக்கும் கர்ப்பம் வாய்த்திருந்தால் அண்ணன் என்றைக்கோ அகப்பட்டிருப்பான். நான் கத்திப் பார்த்தேன். கல்லூரிக்குப் போய்க் கெட்டுப்போனவள் என்ற பெயர்தான் மிச்சம். தெருவோ இன்னும் கெட்டிக்காரத் தெரு. அந்த ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்ததால்தானே இந்தப் பெயர் வந்தது என்று, அடுத்தடுத்துக் கர்ப்பமான பெண்கள் அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கினார்கள். ரத்தம் எடுக்காவிட்டால் நோயும் கிடையாது என்பது அவர்கள் எண்ணம்.

பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பதைச் சேனை வைப்பது என்போம். யார் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். ஆஸ்பத்திரியில் கூடாது என்பார்கள். நர்சு அந்தப் பக்கம் திரும்பியதும் விரலில் தொட்டு வைத்துவிடுவார்கள். தன் பேரப்பிள்ளைக்குத் தான்தான் சேனை வைப்பேன் என்று கல்யாணத்தன்றே ஊரைக் கூட்டிச் சொன்னவள் என் அம்மா. அன்று வெறுங்கையோடு வந்து வாசலிலேயே நின்றாள். நர்சம்மா பிள்ளையின் வாயில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கியது.

"அத்தை, சேனை வைக்கலையா?" என்று மதினி படுத்தபடியே கேட்டாள்.

"அதான் மருந்து வச்சாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா திரும்பி நடந்தாள். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

ஒன்றரை வயதில் கடைசியாகச் சோதித்து, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொன்னார்கள். மதினி ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதாள். அண்ணன் மட்டும் கடைசிவரை கல்லாகவே இருந்தான். தேனி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற நிலைமை வந்த பிறகுதான் அவன் கையிலும் ரத்தம் எடுத்தார்கள்; அவனுக்கும் அதே நோய்தான். மாத்திரையைத் தொட மாட்டேன் என்று சாதித்துச் செத்தான். அவன் பிணத்தின் முன்னால் அம்மா மதினியைப் பார்த்து, தன் மகனை முழுங்கிவிட்டாள் என்று மாரில் அடித்துக்கொண்டாள். மதினி மகளைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பட்டிக்கு, தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றும் மாத்திரை சாப்பிடுகிறாள், திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள், திடமாக இருக்கிறாள். சீக்கிரம் செத்துப்போவாள் என்று சொன்னவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

போன தை மாதம் அவள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். என்னையும் வரச் சொல்லியிருந்தாள். பையனின் அம்மா காபி குடித்துவிட்டு, குடும்பத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதாக இழுத்து, கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு மட்டும் ஒரு தடவை ரத்தம் பார்த்துவிட்டால் நல்லது என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மதினிக்குக் கோபம் வரவில்லை.

"தாராளமாப் பாப்போம். உங்க மகனையும் வரச் சொல்லுங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணா எடுத்துருவோம்" என்றாள்.

ஆண்பிள்ளைக்கு எதற்கு என்று அந்தம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. தன் மகனைச் சந்தேகப்படுகிற வீட்டில் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். கூட வந்தவர்களும் எழுந்தார்கள். கார் கிளம்பிப் போன பிறகு, ஒரு நல்ல இடம் கைவிட்டுப் போனதே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

மதினி டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டே சொன்னாள்: "என்னையப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கு எங்கய்யா இத ஒரு வார்த்த கேட்டிருந்தா, உங்கம்மாவும் இப்படித்தான் எந்திரிச்சுப் போயிருப்பாக. நான் தப்பிச்சிருப்பேன்."