வெள்ளிக்கிழமைப் புகையும் செர்ரி தக்காளியும்

அந்தத் தீபாவளிக்கு முன்புதான் மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தது. நடக்காவிட்டால் கால் இறுகிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். அவளோ படுக்கையைவிட்டு எழவில்லை. "நடந்து எங்க போகப்போறேன்?" என்பாள்.

தீபாவளி முடிந்த வாரம், பேரங்காடியில் வாங்கிய செர்ரி தக்காளி ஒன்றை வாயில் போட்டவள், "கல்கண்டு மாதிரி இருக்கு. விதைய எடுத்து வைங்க" என்றாள். விதைகளைச் சதையோடு டம்ளரில் ஊறவிட்டு, நுரைத்ததும் அலசி உலர்த்தி, முட்டை அட்டையில் ஊன்றினேன். முளை வந்த காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு பால்கனிவரை வந்தாள். பிறகு தினமும் வந்தாள். நாற்றைப் பெயிண்ட் வாளிக்கு மாற்றியதும் குச்சி கட்டியதும் அவள்தான். பொங்கலுக்குள் செடி அவள் இடுப்பைத் தாண்டிப் பூத்தது.

காய் மட்டும் பிடிக்கவில்லை. பக்கத்து ஊரான கிள்ளானிலிருந்து அவள் தங்கை வீடியோவில் அழைத்தாள்.

"அக்கா, காய் எங்க லா? பூக்கடை போடப்போறியா?"

"போன வைடி."

சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் தைப்பூசத்துக்கு முந்திய வாரம் இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. "கொட்டிப்போற பூவப் பார்க்கவா வரணும்?"

நாங்கள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸின் இரவு வெக்கைக்குத் தக்காளிப் பூ கொஞ்சம் உதிரத்தான் செய்யும். தக்காளி விளையும் கேமரன் மலையின் குளிர் இங்கே இல்லை. ஆனால் எங்கள் பூக்கள் கொட்டியதெல்லாம் சனி, ஞாயிறுகளில். வெக்கை கிழமை பார்த்து அடிப்பதில்லை.

வெள்ளி மாலைகளில் அவள் வீடு முழுக்கச் சாம்பிராணி காட்டுவாள். கடைசியில் தூபக்காலைச் செடிக்கு அடியில் வைத்து, கண்ணாடி அடைத்த பால்கனியின் கதவைச் சாத்திவிடுவாள். கண் பட்டுப் பூ உதிர்கிறது என்பது அவள் கணக்கு. உதிர உதிரச் சாம்பிராணியைக் கூட்டினாள்.

வாழைத்தாரை மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கிறார்கள் அல்லவா, அந்தப் புகையிலுள்ள வாயு தக்காளிப் பூவையும் காம்பிலிருந்து கழற்றிவிடும் என்று படித்தேன். சொன்னால் செடியையும் விட்டுவிட்டுப் படுத்துக்கொள்வாளோ என்று யோசித்தேன். சொல்லாவிட்டாலும் அதேதான் நடக்கும் என்பதால் சொன்னேன்.

"சாமி புகையா உதிர்க்குது?"

"செடிக்கு எல்லாப் புகையும் ஒண்ணுதான்."

"கல்யாணமானதுலேருந்து காட்டுறேன். உங்களுக்கு என்ன உதிர்ந்துச்சு?"

"முடி."

அவள் சிரிக்கவில்லை.

அடுத்த வெள்ளி தூபக்காலை என் கையில் கொடுத்தாள். "நீங்க காட்டுங்க. வாளியத் தூக்கி வெளிய வைங்க." வாசலுக்கு வெளியே, அடுக்குமாடியின் பொது நடைவழியில் வைத்தேன். போகிற வருகிறவர்கள் கண் படுமே என்று அவளும் கூடவே நின்றாள். நிற்க முடியாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். எதிர்வீட்டுப் பெண் கதவைத் திறந்து, "என்ன ஆன்டி, தக்காளிய வாக்கிங் கூட்டிட்டு வந்தீங்களா?" என்றாள்.

"ஆமாமா, வீட்டுக்குள்ள ஒரே புகை. அங்கிள் பூசை பண்றாரு."

புகை அடங்க வெகுநேரம் ஆனது. அதுவரை நடந்தாள். வெள்ளிதோறும் இது தொடர்ந்தது. மாசி பிறந்தபின் மிளகளவில் பிஞ்சுகள் தெரிந்தன.

பங்குனியில் பழுத்தவற்றில் பேரங்காடியில் வாங்கிய அந்தப் பழத்தின் இனிப்பு பாதிகூட இல்லை. கலப்பினக் கடைப்பழத்தின் விதை அப்படித்தான், தாயைப்போல வருவதில்லை. அவளோ ஒரு டப்பா நிரப்பி, தங்கைக்குக் கொடுக்கக் கிள்ளானுக்கு ரயிலில் போகவேண்டும் என்றாள். நிலையத்துப் படிகளில் கம்பியைப் பிடித்து, நின்று நின்று ஏறினாள். டப்பாவை நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். தரவில்லை.