வெடிக்காத நாட்களின் சங்கு

மதியச் சங்குக்கு முன்பே பக்கத்து வீட்டு மரகதம் என் வாசலுக்கு வந்துவிட்டாள். "சவரிமுத்து அண்ணன் போயிட்டாருங்க டீச்சர். காலையில எழுப்புனா எந்திரிக்கலையாம்."

எங்கள் ஊரை ஒட்டிய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வெடி வைக்கும் பொறுப்பில் இருந்தவர் சவரிமுத்து. முன்னறிவிப்பு இல்லாமல் எதையும் செய்தறியாதவர், இந்த ஒன்றை மட்டும் சொல்லாமல் செய்துவிட்டார். அவர் நல்லவர் என்று நான் எழுதப்போவதில்லை. அதை அடக்கத்தின்போது பாதிரியார் சொல்லி முடித்துவிட்டார்.

வெடிக்கு முன் அவர் எச்சரிக்கைச் சங்கை ஒலித்தால் ஊர் வீட்டுக்குள் போகும். ஆடுகள்கூடத் தாமாகக் கொட்டகைக்குத் திரும்பும். பிறகு தரை அதிரும், அலமாரித் தம்ளர்கள் கிணுகிணுக்கும், கதவைத் திறப்போம். அரியலூர்ப் பக்கத்தில் இதுவும் ஒரு குடித்தன ஒழுங்கு.

கடலுக்கு அப்பால் போர் மூண்டதும் முதலில் சமையல் சிலிண்டர் தாமதமானது. அடுத்து யூரியா. மக்காச்சோளம் வெளிறி நின்றது. அப்புறம் வெடிமருந்து. யூரியாவும் சுரங்க வெடியும் ஒரே அம்மோனியாவின் பிள்ளைகள் என்று நான் வகுப்பில் நடத்தியதை ஊரே அப்போது படித்தது. கல் இல்லாமல் சிமெண்ட் ஆலை அடங்கியது. லாரிகள் சாலையோரம் வரிசையாக உறங்கின. கொத்தனார்கள் டீக்கடையில் உட்கார்ந்து போர்ச் செய்திகளுக்குப் பொழிப்புரை சொன்னார்கள்.

சங்கு மட்டும் நிற்கவில்லை. வெடிக்க ஒன்றுமில்லாத மதியங்களிலும் அவர் அதை ஒலித்தார். கதவுகள் சாத்தப்பட்டன. பிறகு அப்படியொரு அமைதி, காக்கைகூடக் கத்தாது. ஒரு நாள் அந்த அமைதிக்குள் என் தம்ளர்கள் தெளிவாகக் கிணுகிணுத்தன. நான் வேதியியல் படித்தவள், எளிதில் எதையும் நம்ப மாட்டேன். மறுநாள் அவரைத் தெருவில் நிறுத்திக் கேட்டேன்.

"நேத்து வெடிச்சீங்களா? என் தம்ளரெல்லாம் கிணுகிணுத்துச்சு."

"எத வச்சுங்க டீச்சர்? குடோன்ல எலிதான் இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க வூட்லயும் கேட்டுச்சாம்."

"அப்புறம் எதுக்கு ஊதுறீங்க?"

"ஊதாம வுட்டா சனம் மறந்துடும்."

"வெறுமனே ஊதினாலும் மறந்துடும், சவரிமுத்து."

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்காலம் வருவதற்குள் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தே கிடக்கத் தொடங்கின. ஆடுகள் தலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

ஒரு நாள் வெடிமருந்து வந்தது. குழிகளில் மருந்தை இறக்கிவிட்டுச் சங்கை ஒலித்தார். ஒருவரும் அசையவில்லை. சுரங்க மேட்டிலிருந்து பார்த்தவருக்கு, களத்தில் சோளம் காயவைத்துக்கொண்டிருந்த மரகதம் தெரிந்திருக்கிறாள். ஆலை காத்திருக்கிறது என்று மேலாளர் போனில் கத்தினாராம். சவரிமுத்து போனை அணைத்துவிட்டு ஊருக்குள் இறங்கி வந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு நெசமாவே வெடிங்க. உள்ள போங்க."

மரகதம் சிரித்தாள். "நேத்தும் இதத்தானண்ணே ஊதுனீங்க?"

"நேத்து ஊதுனது பொய்யி. நான் பண்ணுனது தப்பு. நாளைக்கு வந்து நல்லாத் திட்டு, இப்ப உள்ள போம்மா."

என் வாசலிலும் அதையே சொன்னார், என்னோடு வாதாடிய சுவடே இல்லாமல். கடைசி வீடுவரை ஒரு வாசலையும் விடாமல் போய், அதே சொற்களைச் சொன்னார். எல்லாக் கதவும் சாத்திய பிறகே மேடேறினார்.

வெடித்தது. கதவைத் திறந்தபோது களத்தில், மரகதம் குந்தியிருந்த இடத்தில், தேங்காயளவு கல் ஒன்று சோளத்துக்குள் புதைந்து கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு அவர் வெறும் சங்கு ஒலித்ததே இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மதிய நடையைத்தான். தன் தவற்றை வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு வந்தவர் என் ஆயுளில் அவர் ஒருவர்தான். மன்னிப்புக் கேட்க வந்தவர்கள் வேறு பலர் உண்டு. அவர்கள் எல்லோரும் கல் விழுந்த பிறகு வந்தவர்கள்.