மேச்சேரியா, பன்னூரா, எங்கள் கலப்பா: மூன்று சட்டிக் கறியோடு மைசூரில் ஒரு ஞாயிறு

தை மாதத்துக் கடைசி ஞாயிறு நான் மைசூருக்குப் போனது அரண்மனை பார்க்க அல்ல. என் பதினெட்டுச் செம்மறிகளைக் காப்பாற்றப் போனேன். ஆட்டுக் கலப்பு பற்றி யோசிப்பவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். இடையிடையே பெருமையும் அடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கர்நாடகத்தில் ஹனூர் பக்கம் ராமாபுரம். வீட்டுக்காரர் பெங்களூரில் கட்டட வேலை செய்கிறார். ஆட்டுப்பட்டி எனக்கும் கொழுந்தன் முருகேசனுக்கும் பொது. எங்களுடையது மேச்சேரி ஆடு. நெடுநெடுவென்று வளரும், வெயிலைத் தாங்கும், எடை நிற்கும். ஆனால் கறியின் ருசிக்குப் பெயர் வாங்கியது மைசூர்ப் பக்கத்துப் பன்னூர் ஆடு. அது குட்டை, வளர்த்தியும் மந்தம். இரண்டையும் சேர்த்தால் அந்த ருசியும் இந்த எடையும் ஒரே குட்டியில் வரும் என்பது என் கணக்கு.

முதல் தடவை கணக்கு தப்பியது, தப்பு என்னுடையதுதான். மேச்சேரி வளர்த்த கண்ணுக்கு உயரம்தான் அழகு. பன்னூர்ச் சந்தையில் இருந்ததிலேயே உயரமான கிடாவைப் பிடித்து வந்தேன். உயரமாக இருந்தாலே அது அசல் பன்னூர் இல்லை என்பது அப்போது தெரியவில்லை. குட்டிகள் கொக்குக் கால்களோடு பிறந்தன, ஊரே சிரித்தது. இரண்டாவது தடவை பன்னூர் அருகே ஒரு கௌடரிடம் அசல் கிடா வாங்கினேன். அதன் குட்டிகளுக்கு இப்போது பத்து மாதம். ஆனால் முருகேசனுக்குப் பொறுமை போய்விட்டது. செவ்வாய்க்கிழமை வியாபாரி வந்து பட்டியை மொத்தமாக ஓட்டிக்கொண்டு போவதாகப் பேசி முடித்துவிட்டான். "ஒரு ஞாயித்துக்கெழம குடு தம்பி. கறி தோத்துச்சுன்னா நானே கயிறு அவுத்து உடறேன்" என்றேன்.

விடியற்காலை நாலரைக்கு ஊர்க் கறிக்கடைக்காரர் இரண்டு ஆடுகளை அறுத்துக் கொடுத்தார். ஒன்று மேச்சேரி, ஒன்று கலப்பு. இரண்டும் ஒரே வயது, ஒரே காட்டில் மேய்ந்தவை. அறுக்கும் முன் எங்கள் தராசில் உயிரோடு மேச்சேரி பத்தொன்பது கிலோ இருந்தது, கலப்பு பதினெட்டு. இரண்டிலும் ஒவ்வொரு கிலோ தொடைக்கறியை ஐஸ் பெட்டியில் வைத்து ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தோம். கொள்ளேகாலில் ஒரு பஸ், டி. நரசிபுராவில் ஒரு பஸ் மாறி, ஒன்பதே காலுக்குப் பன்னூர். பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட் இலவசம், ஆதார் கார்டை மறக்காதீர்கள். மைசூர் வரை முருகேசனுக்கு நூற்று அறுபத்தைந்து ரூபாய் ஆனது. அதற்கும் என்னைத்தான் முறைத்தான்.

பன்னூரில் கௌடர் பட்டியைப் பார்த்துவிட்டுத்தான் கறி வாங்கினோம். பஸ் நிலையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர், ஆட்டோ எண்பது ரூபாய். கௌடர் போன தடவை எனக்குச் சொன்னதையே முருகேசனுக்கும் சொன்னார்: "ஹிந்தே நிந்து நோடி." பின்னால் நின்று பாருங்கள் என்கிறார். அசல் பன்னூர்க் கிடாவைப் பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு தொடையும் சேர்ந்து தலைகீழாக எழுதிய 'ப' மாதிரி இருக்கும். நடுவில் சந்து அகலம், இரண்டு பக்கமும் சதை. நான் ஒவ்வொரு கிடாவுக்கும் பின்னால் போய்க் குத்துக்காலிட்டுப் பார்த்தேன்.

முருகேசன் சிரித்தான். "மூஞ்சியப் பாக்காம வாலப் பாத்து ஆடு புடிக்கறது உலகத்துலயே நீங்க ஒருத்தருதானுங்க அண்ணி."

நான் அடுத்த கிடாவுக்குப் பின்னால் போனேன்.

கௌடர் காட்டிய கடையில் ஒரு கிலோ பன்னூர்க் கறி வாங்கிக்கொண்டு பத்தேகாலுக்குக் கிளம்பினோம். இருபத்தைந்து கிலோமீட்டர்தான், பதினொன்றே காலுக்கெல்லாம் மைசூர். தேவராஜ மொஹல்லாவுக்கு ஆட்டோ நாற்பது ரூபாய். அங்கே ராஜம்மா என்ற தமிழ்க்கார அக்கா மட்டன் மெஸ் நடத்துகிறார், பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர்தான். கறி பிடித்தால் வாரம் இரண்டு ஆடு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பிடிக்காவிட்டால் என் கதை செவ்வாய்க்கிழமையோடு முடிந்தது.

மூன்று சட்டி, ஒரே அளவு உப்பு, மஞ்சள், சின்ன வெங்காயம். மிளகாய்கூடக் கிடையாது, மசாலா போட்டால் எல்லாக் கறியும் ஒன்றுதான். சட்டிக் காதுகளில் நூல் கட்டினேன். சிவப்பு பன்னூர், வெள்ளை மேச்சேரி, மஞ்சள் எங்கள் கலப்பு. எது எது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முக்கால் மணி நேரம் வெந்தது.

ராஜம்மா முதலில் மஞ்சள் நூலில் கை வைத்தார். மென்றார். எலும்பை ஓரமாக வைத்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். போச்சுடா என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்பை எடுத்ததும், "இது பன்னூரு. டவுட்டே இல்ல. கொழுப்பு தனியா மெதக்கல, கறிக்குள்ளயே இருக்கு" என்றார். வெள்ளை நூல் சட்டிக்கு, "இது நல்ல கறி. ஆனா நாரு ஜாஸ்தி, ஸ்வல்ப மெல்லணும் அல்வா?" என்றார். கொஞ்சம் மெல்ல வேண்டும், இல்லையா என்பதுதான் அவருடைய மைசூர்த் தமிழில் அப்படி. மறுபடி மஞ்சளுக்குப் போனார். "இதுதான் புரியல. பன்னூரு இல்ல, ஆனா அதோட சொந்தக்காரன். எந்த ஊர்ல புடிச்சீங்கம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் முருகேசன் மூன்றாவது தடவையாகத் தட்டை நீட்டினான். மஞ்சள் நூல் சட்டியிலிருந்துதான். "சிவப்பு நூலுதான் அண்ணி நம்ம கலப்பு. பரவால்ல, சுமாரா இருக்குது. ஆனா இந்த மஞ்சள் இருக்குது பாருங்க, இதானுங்க பன்னூரு. காசு குடுத்து வாங்கறது எப்பவுமே தனிதான்."

"அது நம்மூட்டுது தம்பி" என்றேன். இதைச் சொல்ல நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். மனதுக்குள் தாரை தப்பட்டையே அடித்தது.

அவன் சட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு நூலை அவிழ்த்துப் பார்த்தான், ஏதோ அதில் எழுதியிருப்பது மாதிரி. ராஜம்மா வாரம் இரண்டு ஆடு, மாசியிலிருந்து அனுப்புங்கள் என்றார். எங்கள் பட்டி மட்டும் போதாது, எங்கள் கிடாவுக்கு அக்கம்பக்கத்தில் பிறந்த குட்டிகளையும் வாங்கித்தான் சமாளிக்க வேண்டும், அது வேறு தலைவலி. சந்தோஷமான தலைவலி.

கலப்புக்கு இறங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ருசியில் அசல் பன்னூரை எங்கள் கலப்பு ஜெயிக்கவில்லை, ராஜம்மா நாக்கு கண்டுபிடித்துவிட்டது. ஆனால் அதே வயதுப் பன்னூர்க் குட்டி இந்த எடை வராது என்று கௌடரே ஒத்துக்கொண்டார். தாய் ஆடு உங்கள் மண்ணுக்குப் பழகியதாக இருக்கட்டும், கிடாவை மட்டும் வெளியே தேடுங்கள். உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். முடிவு செய்யுமுன் வெறும் உப்பில் வேகவைத்துத் தின்று பாருங்கள், கண்ணைவிட நாக்கு நேர்மையானது.

திரும்பும்போது பஸ் ஏறுமுன்னே முருகேசன் வியாபாரிக்குப் போன் போட்டு, செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்றான். பன்னூர் வந்ததும் எனக்கு முன்னால் அவன் இறங்கிவிட்டான். "பழைய கெடாவுக்கு அதோட குட்டிகளையே கட்டக் கூடாதுங்க அண்ணி, இன்னொண்ணு வேணும்" என்று ஆட்டோவைக் கூப்பிட்டான்.

மணி ஐந்து இருக்கும். நான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுக் கௌடர் பட்டிக்குள் போவதற்குள் அவன் ஒரு குட்டைக் கிடாவுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மூஞ்சிப் பக்கம் போகவே இல்லை.