இறந்தவர் பெயரில் போன ஏலம்

தொட்டியக்காவால் நிலைகொள்ள முடியவில்லை. கோர்ட் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தாள். திரும்பினாள். மறுபடி நடந்தாள். பெஞ்சில் இருந்த மகளுக்குத்தான் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது.

"கொஞ்சம் உட்காரேன்மா. நீ நடக்கிற நடையைப் பார்த்து டவாலியே மிரண்டுபோய் நிக்கிறாரு."

"வெயில் ஏறிடுச்சுடி. இந்நேரம் செடியெல்லாம் நாக்கைத் தள்ளிக்கிட்டு நிக்கும்."

"இன்னைக்கு நீ கூண்டுல ஏறிச் சொல்லப்போறதுலதான் நம்ம நிலமே இருக்கு. உனக்குச் செடி ஞாபகம்!"

நிலம் வேறு, செடி வேறு என்று பிரித்துப் பார்க்க அந்த மனசுக்குத் தெரிந்தால்தானே?

மெயின் ரோட்டை ஒட்டிய சின்ன நிலம் அது. லாரி டிரைவரான கணவன் லோடு இல்லாத நாட்களில் வண்டி வண்டியாக மண் கொண்டுவந்து கொட்ட, அவள் கல் பொறுக்கி, பச்சை வலை கட்டி, தொட்டிகளிலும் கறுப்புப் பைகளிலும் நாற்று வளர்த்து ஒரு நர்சரியாக்கியிருந்தாள். வாடிக்கைக்காரர்கள் வைத்த பெயர்தான் தொட்டியக்கா. இன்று அந்த நர்சரியின் கேட்டில் அடுத்தவர் பூட்டுத் தொங்குகிறது. பக்கத்து மரக்கடை முதலாளி அதைக் கோர்ட் ஏலத்தில் எடுத்துவிட்டார்.

பூட்டு விழுந்த நாளிலிருந்து அவள் எதிர்ப்பக்கத்துச் சைக்கிள் கடைக் குழாயில் ஹோஸை மாட்டி, ரோட்டில் நின்றபடியே வேலிக்கு மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

"ஏலம் விட்டது கோர்ட்டு, எடுத்தது மரக்கடை. தண்ணி மட்டும் என்னுதா அக்கா?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்பார். கேட்டுக்கொண்டே குழாயைத் திறந்தும் விடுவார்.

தண்ணீர் முன்வரிசைகளுக்குத்தான் எட்டியது. பின்வரிசைச் செடிகள் அவள் கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கருகின. கதவுக்கு அந்தப்பக்கம் குழந்தை பசித்து அழ, இந்தப்பக்கம் பால் கட்டிய மார்போடு தவிக்கிற தாயைப்போல அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தவித்தாள்.

வினை எங்கே தொடங்கியது? போர்வெல் போட வாங்கிய கடனைக் கணவன் அவளிடம் சொல்லவே இல்லை. ஃபைனான்ஸ்காரர் கேஸ் போட்டதும், தீர்ப்பு வாங்கியதும் அவளுக்குத் தெரியாது. பிறகு ஒருநாள், லாரி ஓட்டும்போதே அவனுக்கு நெஞ்சு வலித்தது. வண்டியை ஒழுங்காக ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தான் அந்த நல்லவன்.

அவன் போன கொஞ்ச நாளில், செடி வாங்குவதுபோல் வந்த ஒருவன் கண்ணை நாலாபக்கமும் மேயவிட்டு, "இங்க ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்டான். "லோடு ஏத்திட்டுப் போயிருக்கார், இப்ப வந்துடுவார்" என்றாள். அந்தப் பொய் பலித்தது. அன்றிலிருந்து தெரியாத முகம் யார் வந்து கேட்டாலும் அதே பதில்தான். மகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருந்தாள்.

கோர்ட் அமீனா, அதாவது நோட்டீஸ் கொண்டுவருகிற ஊழியர், கணவன் பெயரைச் சொல்லி விசாரித்தபோதும் அதே பதில்தான் போயிற்று. கையில் பையும் கடுகடுத்த முகமுமாக வந்தவரைக் கண்டு பயம். அவரும் என்ன ஏதென்று சொல்லவில்லை. அடுத்தடுத்து வந்தார், அதே பதிலைக் கேட்டார், "ஆள் தலைமறைவாகத் திரிகிறார்" என்று எழுதி, ஏல நோட்டீஸைக் கேட் தூணில் ஒட்டிவிட்டுப் போனார். மறுநாள் செடிக்குத் தண்ணீர் அடித்த ஹோஸ் அந்தக் காகிதத்தையும் சேர்த்துக் குளிப்பாட்டியது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து, ஊறித் தொங்கியதை அவளே சுரண்டி எறிந்தாள்.

தன் நிலத்தின் தலையெழுத்தைத் தன் கையாலேயே சுரண்டினாளே, பாவி மகள்!

கேட்டில் பூட்டைப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்து ஒரு வக்கீலம்மாவிடம் ஓடினாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, செத்தவரை லோடுக்குப் போயிருக்கார்னு சொன்னா, கோர்ட்டு எந்த ஹைவேயில போய்த் தேடும்?"

தொட்டியக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி விடுங்க. செத்தவர் மேல ஏலம் நடத்த முடியாது. வாரிசுங்களுக்கு நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் சொத்துல கை வைக்கணும். அதனால இது செல்லாத ஏலம். ஆனா நீங்க சொன்ன பொய்யை வெச்சு அவங்க உங்களைக் குதறிடுவாங்க. மரக்கடைக்காரருக்கு உங்க வீட்டுக்காரர் செத்தது தெரியுமா?"

"தெரியாம என்னம்மா? அவர் வண்டியிலதான் எடுத்துட்டுப் போனோம்."

"நாலு பேரைக் கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சாலும் எனக்குத் தெரியாதும்பார். அவர் வாயிலிருந்தே வரணும். ஆளு எப்படி?"

"தான் பண்ணின உதவியைப் பத்துப் பேர்கிட்ட சொல்லாட்டி அவருக்குத் தூக்கம் வராதும்மா."

வக்கீலம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

இதோ, கூப்பிட்டுவிட்டார்கள். கூண்டில் ஏறியவளின் விரல்கள் மரச்சட்டத்தில் இல்லாத மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

மரக்கடைக்காரரின் வக்கீல் எழுந்தார். "அமீனா வந்து கேட்டப்போ என்ன சொன்னீங்க?"

"லோடு ஏத்திட்டுப் போயிருக்கார்னு சொன்னேங்க."

"ஒருதடவையா?"

"வந்தப்பல்லாம்."

"அப்போ உங்க கணவர் எங்கே இருந்தார்?"

தெரிந்தவர்கள் கேட்டால் அவள் 'அவர் இல்லை' என்பாள், 'போயிட்டார்' என்பாள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவள் தன் மகளிடம்கூடச் சொன்னதில்லை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள்.

"செத்துட்டாருங்க." அவள் மரச்சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "என் புருஷன் செத்துட்டாரு. வயசுப் பொண்ணை வெச்சுக்கிட்டுத் தனியா இருக்கேன்னு கண்டவனுக்கும் தெரிய வேண்டாமேன்னு பொய் சொன்னேன்."

"ஆக, கோர்ட்டை ஏமாத்தினதை ஒத்துக்கறீங்க."

"பொய் சொன்னதை ஒத்துக்கறேன். ஆனா என் பேருக்கு ஒரு காகிதம் வந்திருந்தா நான் ஓடியா ஒளிஞ்சிருப்பேன்? செடியை விட்டுட்டு ஒருநாள் வெளியூர் போனதில்லைங்க நான்!"

நீதிபதி எதையோ குறித்துக்கொண்டார். அடுத்துக் கூண்டேறிய மரக்கடை முதலாளி சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"அவர் இறந்ததே எனக்குத் தெரியாதுங்க. கோர்ட் விடற ஏலமாச்சேன்னு நம்பி எடுத்தேன்."

"பக்கத்துக் கடையில இருந்துமா தெரியலை?" என்றார் வக்கீலம்மா.

"நான் உண்டு, என் மரம் உண்டுன்னு இருக்கிற ஆளும்மா."

"அதுவும் நியாயம்தான். அக்கம்பக்கத்து நல்லது கெட்டதுக்கு எட்டிக்கூடப் பார்க்க மாட்டார், ஒருவாய்த் தண்ணி கொடுக்க மாட்டார்னுதான் தெருவே சொல்லுது."

முதலாளியின் காது சிவந்தது. "எந்தப் பய சொன்னான்?"

"எல்லாரும்தான். இந்தக் குடும்பத்துக்கு ஒரு துரும்பைக்கூட நீங்க கிள்ளிப் போட்டதில்லையாமே?"

"நானா? கேளுங்கம்மா இந்த அக்காகிட்ட! அன்னைக்கு வண்டி கிடைக்காம நடுத்தெருவுல கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னாங்க. பிணத்தை ஏத்த எவனும் வரலை. என் கடை வண்டியைக் கொடுத்தேன்! டீசல் காசுகூட வாங்கலை!"

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"யார் பிணம்?" என்று வக்கீலம்மா மிக மெதுவாகக் கேட்டார்.

முதலாளி கூரையைப் பார்த்தார். பின்பெஞ்சில் யாரோ 'க்ளுக்' என்று சிரித்தார்கள். தொட்டியக்கா சிரிக்கவில்லை. அந்த உதவிக்கு அவள் இன்னும் நன்றி வைத்திருந்தாள். அதனால்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிணத்துக்கு வண்டி கொடுத்த அதே மனிதர்தானே, அந்தச் சாவே தெரியாததுபோல நிலத்தை எடுத்துக்கொண்டார்?

உத்தரவு வந்த அன்று அவள் வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்துவிட்டுத்தான் கோர்ட்டுக்கு வந்தாள்.

"நீங்க சொன்ன பொய் தப்புதாம்மா," என்றார் நீதிபதி. "அதுக்காக இறந்தவர் பேர்ல நடந்த ஏலம் சரின்னு ஆகிடாது. வாரிசுகளுக்குத் தெரியாம நடந்திருக்கு. அவர் உயிரோட இல்லைன்னு தெரிஞ்சே இவர் வாங்கியிருக்கார். ஏலம் ரத்து. கடன் மட்டும் அப்படியேதான் இருக்கு. அதுக்கு இனிமே உங்க பேர்லயும் உங்க பொண்ணு பேர்லயும் நோட்டீஸ் வரும்."

"வரட்டும்யா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கறேன். தவணை மட்டும் கொடுங்க."

கேட்டைத் திறந்துவிட வந்தவர் அதே அமீனா. பூட்டில் சாவியைச் செருகியபடி முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அக்கம்பக்கத்துல ஒருவார்த்தை விசாரிச்சிருக்கணும்மா நானு."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம்ணே. முதல்ல வழியை விடுங்க."

அவள் உள்ளே ஓடினாள். பின்வரிசைகளில் வெறும் குச்சிகள். தொட்டால் ஒடிந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தவள், முன்வரிசையில் ஒரு செம்பருத்தித் தொட்டியைத் தூக்கப் போனாள். அது வரவில்லை. அடிக்கடி இடம் மாற்றி வைக்கிற தொட்டி அது. இத்தனை நாளாக மாற்ற ஆளில்லாமல், அடித்துளை வழியே வேர் இறங்கி நிலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தொட்டியும் அப்படியே. அந்த வரிசை முழுக்க அப்படியே.

"இப்படியே விட்டுடலாமா அம்மா?" என்றாள் மகள். "பார்க்கவே பாவமா இருக்கு."

தொட்டியக்கா அந்த வேரைத் தடவினாள். கண்ணீர் தாரையாக இறங்கியது.

"முடியாதுடி. இதுங்களை வித்தாத்தான் முதல் தவணை. போய்க் கத்தியை எடுத்துட்டு வா. துருப்பிடிச்சது வேண்டாம், நல்லதாப் பாரு."

மகள் கொண்டுவந்து கொடுத்தாள். தொட்டியக்கா தொட்டியைச் சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முதல் வேரை அறுத்தாள்.